டெண்டர் வரைபடம் போன பிறகு கேட்கப்படும் கார்பன் கணக்கு

தூக்குக்குண்டு:

பழைய மகாபலிபுரம் சாலையில் எழவிருக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குக் கட்டமைப்பு வடிவமைப்பாளனாக இருக்கிறேன். தரைக்கு மேல் பத்து மாடிகள், தரைக்குக் கீழே வண்டி நிறுத்த இரண்டு தளங்கள், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 30,000 சதுர மீட்டர். சென்ற வாரம் பசுமைச் சான்றிதழுக்கான ஆலோசகர் வந்து, கட்டடத்தில் பொதிந்திருக்கும் கார்பனை, அதாவது பொருட்களைத் தயாரித்துக் கட்டி முடிப்பதற்குள் வெளியேறுவதை, குறைக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். தூண்களின் இடைவெளி, நிலத்தடித் தளங்களின் எண்ணிக்கை, நான்கு பக்கமும் கண்ணாடி என்பது எல்லாம் ஓராண்டுக்கு முன்பே முடிவாகிவிட்டன. டெண்டர் வரைபடங்கள் வெளியேறும் வேளையில் என் கையில் மிஞ்சியிருப்பது சிமெண்டின் வகையை மாற்றுவது ஒன்றுதான். பந்தி எழுந்த பிறகு சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டதைப் போல இருந்தது.

இருந்தாலும் கைக்கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு அரை கன மீட்டர் கான்கிரீட் என்று வைத்தால் 15,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 350 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 5,250 டன். கன மீட்டருக்கு 110 கிலோ கம்பி என்றால் 1,650 டன் கம்பி, டன்னுக்கு 2.3 என்ற விகிதத்தில் அது இன்னொரு 3,800 டன். ஆகக் கட்டமைப்புக்கு மட்டும் 9,000 டன். கண்ணாடி, அலுமினியம், ஏசி எந்திரங்கள், தரை ஓடு, பொய்க்கூரை இவையெல்லாம் இதில் சேரவில்லை. கட்டிய பின் ஏசி, விளக்கு முதலியவற்றின் இயக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 150 யூனிட், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று கொண்டால் ஆண்டுக்கு 3,150 டன். அதாவது முதல் ஆள் உள்ளே வந்து விளக்கைப் போடுவதற்கு முன்பே மூன்றாண்டு மின்சாரத்துக்கு இணையான கார்பன் காற்றில் கலந்துவிடுகிறது.

இந்த எண்களை அவரவர் அனுபவத்தை வைத்துத் திருத்துங்கள். நான் கேட்க விரும்புவது வேறு. இந்தக் கணக்கை யார், எந்தக் கட்டத்தில் போட்டால் அது முடிவை மாற்றும்?

ஈரக்காற்று:

ஏசி வடிவமைப்பில் பத்தொன்பது ஆண்டுகள் இருக்கிறேன். உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டால், மூன்றாண்டில் இயக்கம் கட்டமைப்பைப் பிடித்துவிடுகிறது. அதன் பிறகு இன்னும் ஐம்பது ஆண்டுகளாவது கட்டடம் நிற்கும். நிலக்கரி மின்சாரம் பெரும்பங்கு வகிக்கும் நாட்டில் கான்கிரீட்டைப் பற்றிக் கவலைப்படுவதைவிடச் சில்லர் என்னும் ஏசியின் குளிர்நீர் எந்திரத்தைப் பற்றிக் கவலைப்படுவதே முறை என்பது என் கருத்து. ஐரோப்பியக் கட்டடங்களில் பொதிந்த கார்பன் முன்னுக்கு வந்ததற்குக் காரணம், அங்கே மின்சாரம் ஏற்கெனவே பெருமளவு சுத்தமாகிவிட்டதுதான். அந்த விகிதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

சென்னையில் நம் எதிரி வெப்பம் என்பதைவிட ஈரப்பதம் என்பதே சரி. ஊழியர்கள் சுவாசிப்பதற்காக வெளியிலிருந்து எடுக்கும் காற்றில் ஒரு கிலோவுக்கு 20 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். அதை 9 அல்லது 10 கிராமுக்குக் கொண்டுவர, காற்றைத் தேவைக்கு மேல் குளிர்வித்து நீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் ஒரே ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் எந்திரம்) இந்த வேலையையும் அறையைக் குளிர்விக்கும் வேலையையும் சேர்த்துச் செய்வதால், சில்லர் முழுவதும் 6 அல்லது 7 டிகிரியில் நீரை அனுப்ப வேண்டியிருக்கிறது. வெளிக்காற்றுக்குத் தனி எந்திரம் வைத்து, வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டு உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே உலர்த்தும் சக்கரத்தையும் அதில் பொருத்திவிட்டால், மீதிக் குளிர்விப்பை அதிக வெப்பநிலை நீரிலேயே முடித்துக்கொள்ளலாம்.

ஐதராபாத்தில் இன்ஃபோசிஸ் 2011-இல் கட்டிய ஒரு கட்டடம் இத்துறையில் அடிக்கடி பேசப்படுவது. ஒரே கட்டடத்தைச் சமமாக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்றாக வடிவமைத்த வழக்கமான ஏசியும், மறு பாதிக்குத் தளத்துக்குள் குளிர்ந்த நீரை ஓடவிடும் கதிர்வீச்சுக் குளிர்விப்பும் (ரேடியன்ட் கூலிங்) வைத்து, இரண்டையும் அருகருகே அளந்தார்கள். இரண்டாவது பாதியில் குளிர்விப்பு மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஐதராபாத்தின் காற்று நம்முடையதைவிட உலர்ந்தது. சென்னையில் யாராவது ஜன்னலைத் திறந்து வைத்தால் குளிர்ந்த தளத்தின் அடியில் வியர்த்து, கணினியின் மேல் சொட்டத் தொடங்கிவிடும். ஆகையால் அதை இங்கே பரிந்துரைக்க நான் தயங்குவேன். அதைவிட மலிவானது ஒன்று இருக்கிறது. வெப்பநிலையை 26-க்கு ஏற்றி, கூரையில் மின்விசிறி மாட்டுவது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்திச் சிக்கன அமைப்பே சொல்கிறது. விசிறி சுற்றும் அலுவலகம் அரசு அலுவலகம் போல இருக்கிறது என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று, குளிர்பதன வாயு. ஆர்-134ஏ ஒரு கிலோ கசிந்தால் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,088. மாடி மாடியாகச் செப்புக்குழாயில் இந்த வாயுவே ஓடும் விஆர்எஃப் ஏசி அமைப்புகளில் எத்தனை இணைப்புகள், எத்தனை கசிவுகள் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆண்டுதோறும் வாயு நிரப்பிய ரசீது மட்டும் பராமரிப்புக் கோப்பில் இருக்கும்.

தூக்குக்குண்டு:

ஈரக்காற்று ஐயா, இயக்கம் பெரியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் இன்றைய 0.7-ஐயே பெருக்கக் கூடாது. மின்கட்டமைப்பில் காற்றும் சூரியனும் ஏற ஏற அந்த எண் இறங்கும். சில்லரை இருபது ஆண்டில் மாற்றலாம், விளக்கை அடுத்த ஆண்டே மாற்றலாம். நான் ஊற்றிய ராஃப்டை, அதாவது கட்டடத்தைத் தாங்கும் கனத்த அடித்தளப் பலகையை, யாரும் மாற்ற முடியாது. கட்டமைப்பின் 9,000 டன் முதல் நாளிலேயே போய்விடுகிறது.

வாடகைக் கணக்கு:

நான் பொறியாளன் இல்லை. அலுவலக இடங்களை நிறுவனங்களுக்கு வாடகைக்குப் பேசி முடிக்கும் தொழிலில் இருக்கிறேன். இரண்டு பேரும் எந்திரத்தையும் கான்கிரீட்டையும் பற்றிப் பேசுகிறீர்கள். முடிவு எடுக்கப்படும் இடம் வேறு என்பதைச் சொல்ல வேண்டும்.

கட்டுபவர் நல்ல சில்லருக்கும் நல்ல கண்ணாடிக்கும் கூடுதலாகச் செலவழிக்கிறார். மின்கட்டணத்தை வாடகைதாரர் கட்டுகிறார். செலவு ஒருவருக்கு, மிச்சம் இன்னொருவருக்கு. பராமரிப்புக் கட்டணத்தை மின்சாரத்தோடு சேர்த்து ஒரே தொகையாக வாங்கும் கட்டடங்களில் மட்டும் உரிமையாளர் யூனிட்டை எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தப் பேச்சை வாடகை ஒப்பந்தத்தின் வரைவிலேயே தொடங்க வேண்டும்.

பொதிந்த கார்பனைப் பற்றியும் ஒரு செய்தி. எங்கள் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்று மூன்று ஆண்டுகளாக ஒன்பது ஆண்டுகளுக்குப் போடப்படுபவை. ஒரு நிறுவனம் வெளியேறியதும் அடுத்தவர் வந்து செய்யும் முதல் வேலை இடிப்பது. சென்ற ஆண்டு ஒரு வளாகத்தில் நான்கு ஆண்டே ஆன உயர்த்தப்பட்ட தரை, ஜிப்சம் தடுப்புகள், கார்ப்பெட் ஓடுகள் எல்லாவற்றையும் பெயர்த்து லாரியில் ஏற்றியதை நின்று பார்த்தேன். ஓடுகளின் பின்புறத்தில் விலைச்சீட்டு கூட உரியவில்லை. பொய்க்கூரையைக் கட்டடக்காரரே முதலில் போட்டுக் கொடுத்திருந்தார், சான்றிதழ் ஆய்வுக்காக. வாடகைதாரருக்கு அந்த நிறம் பிடிக்காததால் அது ஒரு நாள்கூட ஆள் நடமாட்டத்தைக் காணாமல் குப்பைக்குப் போனது. தூக்குக்குண்டு அவர்கள் கட்டமைப்பை ஒருமுறை ஊற்றுகிறார். உள் அலங்காரத்தை நாங்கள் கட்டடத்தின் ஆயுளில் ஐந்து ஆறு முறை ஊற்றுகிறோம்.

செங்கல் சூளை:

கட்டடக் கலைஞராக இருப்பதால் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைப் போல உணர்கிறேன். கண்ணாடி முகப்பைப் பற்றி முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், நேரடியாக விதிப்படி இணங்கும் வழியில் சுவரில் ஜன்னலின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம்மைப் போன்ற வெப்ப ஈரப் பகுதிகளில் வடக்கு தவிர்த்த திசைகளுக்குக் கண்ணாடியின் வெப்ப ஈட்டுக் குணகம் (வெயிலின் வெப்பத்தில் உள்ளே விடும் பங்கு) 0.27-க்கு மேல் போகக் கூடாது. முழுக் கண்ணாடி போடுபவர்கள் கணினி மாதிரியில் வேறு இடங்களில் ஈடுகட்டிக் கணக்கைச் சமன் செய்கிறார்கள். அந்தக் கண்ணாடியைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு டன் அலுமினியத்தைத் தாதுவிலிருந்து உருக்கி எடுக்க 14,000 யூனிட் அளவில் மின்சாரம் வேண்டும். அது அனல் மின்சாரமாக இருந்தால் ஒரு டன் சட்டத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் கார்பன் ஏறுகிறது. மேற்குச் சுவரைச் சாம்பல் செங்கல்லாலோ ஏஏசி (காற்றுத்துளைகள் கொண்ட லேசான கான்கிரீட்) பிளாக்காலோ மூடி, அங்கே லிஃப்ட், மாடிப்படி, கழிப்பறைகளை வைத்துவிட்டால் ஏசியும் குறையும், அலுமினியமும் குறையும். ஒரே வெட்டில் இரண்டு கணக்கும் இறங்கும் இடங்கள் மிகச் சில. இது அவற்றுள் முதலாவது.

ஆனால் பெரிய கனம் தரைக்குக் கீழே, வண்டி நிறுத்தத் தளங்களில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் பள்ளம் தோண்டினால் சில மீட்டரிலேயே நிலத்தடி நீர் வந்துவிடுகிறது. அதைத் தடுக்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் டயாபிரம் சுவர், மேலே தூக்கும் நீரழுத்தத்தைச் சமாளிக்கக் கனத்த ராஃப்ட், கட்டி முடியும்வரை இரவும் பகலும் ஓடும் பம்புகள். மாடியில் ஒரு தளத்துக்கு ஆகும் கான்கிரீட்டைப் போல நிலத்தடித் தளம் ஒன்றுக்கு எளிதாக இரண்டு மடங்கு ஆகும். இத்தனையும் ஆளில்லாமல் நிற்கும் கார்களுக்காக. அந்தச் சாலையில் மெட்ரோ ரயிலின் மாதவரம் - சிறுசேரி வழித்தடம் எழுந்துகொண்டிருக்கிறது. ரயில் நிலையம் நடை தூரத்தில் வரப்போகும் மனைக்கும், பேருந்தே எட்டாத மனைக்கும் வண்டி நிறுத்தத் தேவை ஒன்றாக இருக்க முடியாது. விதி கேட்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இன்னொரு தளம் கேட்பது பெரும்பாலும் உரிமையாளரின் விற்பனைப் பிரிவுதான்.

தூண் இடைவெளியிலும் அதே கதைதான். 8.4 மீட்டர் இடைவெளியை 11 மீட்டராக்கினால் தளத்தில் வளைவுத் திருப்பம் (தளத்தை வளைக்கப் பார்க்கும் விசையின் அளவு) இடைவெளியின் இருமடிக்கு ஏறும், அதாவது 1.7 மடங்கு; தளமும் அதற்கேற்பக் கனக்கும். போஸ்ட் டென்ஷன் கேபிள் (கான்கிரீட் இறுகிய பிறகு இழுத்து முறுக்கும் கம்பிவடம்) போட்டு ஓரளவு மீட்கலாம், முழுதாக முடியாது. தூண் இல்லாத தரை வேண்டும் என்று வாடகைதாரர் கேட்கிறார் என்கிறார்கள்.

வாடகைக் கணக்கு:

கேட்பது உண்மைதான். ஆனால் தடுப்பு அறைகளைப் போட்ட பிறகு அந்தத் தூண்கள் எங்கே நிற்கின்றன என்று எந்த வாடகைதாரரும் என்னைக் கேட்டதில்லை. படத்தில் பார்க்கும்போது மட்டும்தான் கேட்கிறார்கள்.

மேஸ்திரி மகன்:

தளப் பொறியாளனாக இருக்கிறேன். தூக்குக்குண்டு ஐயா கையில் மிஞ்சியது சிமெண்ட் மட்டும்தான் என்று சலித்துக்கொண்டார். அந்தச் சிமெண்டிலேயே எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறேன்.

எம்40 கலவைக்கு (28 நாளில் 40 எம்பிஏ அழுத்த வலிமை தர வேண்டியது) கன மீட்டருக்கு 400 கிலோ ஓபிசி, அதாவது சாம்பலோ ஸ்லாக்கோ கலக்காத சாதாரண சிமெண்ட், போடுவது வழக்கம். கடற்கரைச் சூழலுக்குக் கான்கிரீட் தர விதியான ஐஎஸ் 456 கேட்கும் குறைந்தபட்சம் 320 கிலோதான், அதிலும் அனல் நிலையச் சாம்பல், ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) சேர்ந்ததே கணக்கு. மீதி 80 கிலோ யாருடைய பயத்துக்காகப் போடப்படுகிறது என்பதைக் கலவைப் பட்டறைக்குப் போய் நின்றால் தெரிந்துகொள்ளலாம். மணலில் ஈரம் எவ்வளவு என்று ஒவ்வொரு ஷிப்டும் பார்ப்பதில்லை. எம்-சாண்டில் தூசு கூடினால் நீர் கூடுகிறது. நீர் கூடினால் வலிமை குறையும் என்று சிமெண்டைக் கூட்டுகிறார்கள். தரக் கட்டுப்பாட்டைக் கூட்டினாலே, எந்தப் புதுப் பொருளும் இல்லாமல், கன மீட்டருக்கு 30, 40 கிலோ சிமெண்ட் மிச்சமாகும். இதற்குப் பசுமை என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

அடுத்தது ஸ்லாக். சென்ற வேலையில் 1.8 மீட்டர் கனத்த ராஃப்டுக்குப் பாதிக்குப் பாதி ஸ்லாக் போட்டோம். கட்டமைப்பு ஆலோசகர் அதற்கு ஒப்புக்கொண்டது கார்பனுக்காக அல்ல, வெப்பத்துக்காக. அவ்வளவு கனத்தில் வெறும் ஓபிசி போட்டால் உள்ளே 70 டிகிரியைத் தாண்டிவிடும், பிறகு விரிசலுக்கு விடை சொல்ல வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் மதியம்வரை போட்டோம். நீரோடு ஐஸ் துகளும் கலந்தோம். மேலே, நடுவே, அடியே என மூன்று மட்டங்களில் தெர்மோகப்பிள் புதைத்து மணிக்கு ஒருமுறை எழுதினோம். மூன்றாம் நாள் நடுவில் 63 டிகிரி, மேற்பரப்பில் 46. வைக்கோல் தாளும் ஈரச் சாக்கும் போட்டு மூடி, இடைவெளி 20 டிகிரிக்குள் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம்.

சிக்கல் அதன் பிறகு வந்தது. 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்த சோதனைக் கியூப், அதாவது கான்கிரீட் கனசதுரம், கேட்ட வலிமையை எட்டாமல் 38 எம்பிஏ-இல் நின்றது. ஆலோசகர் அலுவலகத்திலிருந்து கடிதம், ஒப்பந்தக்காரருக்கு வியர்வை, ராஃப்டைத் துளைத்து மாதிரி (கோர்) எடுக்கச் சொல்லிப் பேச்சு. 56-ஆம் நாள் அதே தொகுதியின் கியூப் 49-இல் உடைந்தது. ராஃப்டின் மேல் முழுச் சுமை வர இன்னும் ஓராண்டு இருக்கும்போது 28 நாள் வலிமையை எதற்குக் கேட்டோம் என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. ஒப்பந்த ஆவணத்தில் அடித்தளத்துக்கும் சுவருக்கும் 56 நாள் வலிமை என்று ஒரு வரி முன்பே எழுதப்பட்டிருந்தால் அந்தக் கடிதங்கள் எதுவும் வந்திருக்காது.

மாடித் தளங்களுக்கு மட்டும் இது சரிவராது. போஸ்ட் டென்ஷன் கேபிளை மூன்று அல்லது நான்கு நாளில் இழுக்க வேண்டும், அப்போது 25 எம்பிஏ அளவு வலிமை வந்திருக்க வேண்டும். பாதி ஸ்லாக் போட்டால் வராது. ஒரு மாடிச் சுழற்சிக்கு மூன்று நாள் கூடும், சென்ட்ரிங் வாடகை ஏறும். அங்கே 25, 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கரணை:

சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு கசப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் என்பது சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் சுட்டெடுப்பது. சுண்ணாம்புக்கல்லிலிருந்தே, எரிபொருளைச் சேர்க்காமல், ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு பிரிகிறது. எரிபொருள் எவ்வளவு பசுமையானாலும் அந்தப் பாதி போகாது. ஆகவே கிளிங்கரைக் குறைப்பதே வழி. அதில் மேஸ்திரி மகன் சொல்வது சரி.

ஆனால் ஸ்லாக் எங்கிருந்து வருகிறது? ஊது உலையில் இரும்பு உருக்கும்போது மிஞ்சுவது. இரும்பு உற்பத்தி எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும், கிடைப்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே சிமெண்டுக்குள்தான் போகிறது. உங்கள் ராஃப்ட் பாதிக்குப் பாதி ஸ்லாக்கை எடுத்துக்கொண்டால் வேறு எங்கோ ஒரு பாலம் அவ்வளவு ஓபிசியில் கட்டப்படும். உங்கள் சான்றிதழில் எண் இறங்கும், வானத்தில் இறங்காது. அதனால் ஸ்லாக்கை வெப்பமும் உப்பும் உண்மையிலேயே தொந்தரவு தரும் இடங்களுக்கு, அதாவது கனத்த ராஃப்டுக்கும் நிலத்தடிச் சுவருக்கும், ஒதுக்கிவைப்பது நியாயம். அனல் நிலையச் சாம்பல் நிலை வேறு. எண்ணூர்ப் பக்கம் போனால் குளம் குளமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஆனால் குளத்தில் கரைந்து கிடப்பது கான்கிரீட்டுக்கு ஆகாது, உலர்ந்ததாகப் பிடித்தெடுத்ததே ஆகும்.

நீண்ட நாளைக்கு நம்பக்கூடியது சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமெண்ட். பாதி கிளிங்கர், 30 சதவீதம் களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். களிமண்ணை 700 முதல் 850 டிகிரிவரை சுட்டால் போதும், அதிலிருந்து கார்பன் பிரிவதும் இல்லை. சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐஐடிகளும் உழைத்து உருவாக்கியது இது. ஐஎஸ் 18189 என்ற தர விதி 2023-இல் வந்துவிட்டது. விதி வந்த பிறகும் டெண்டரில் "ஓபிசி 53 கிரேடு மட்டும்" என்று எழுதும் கைகள் மாறவில்லை.

கம்பியிலும் இப்போது கேட்டு வாங்க வழி இருக்கிறது. டன்னுக்கு 2.2 டன் கார்பனுக்குக் கீழே இருப்பதே பசுமை எஃகு, 1.6-க்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம் என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் வரையறுத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உலைகளில் பழைய இரும்பை உருக்கி எடுக்கும் கம்பி இந்த வகையில் முந்தலாம். அதோடு நிலக்கரியில் சுட்ட ஸ்பாஞ்ச் அயர்ன் எவ்வளவு கலக்கிறார்கள் என்பதைச் சான்றோடு கேட்க வேண்டும்.

வாடகைக் கணக்கு:

ஒரு சந்தேகம். பெரிய வாடகைதாரர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் காற்றாலையில் பங்கு வாங்கி, அந்த மின்சாரத்தைத் தங்கள் மீட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். அப்படியானால் இயக்கக் கார்பன் பூச்சியம்தானே?

ஈரக்காற்று:

ஆண்டுக் கணக்கில் பூச்சியம், மணிக் கணக்கில் இல்லை. காற்று வீசுவது பெரும்பாலும் மே முதல் செப்டம்பர்வரை. உங்கள் வாடகைதாரர்களில் பாதிப் பேர் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்கள். பிப்ரவரி மாதத்து இரவு இரண்டு மணிக்கு முத்துப்பந்தல் காற்றாலைகள் அசையாமல் நிற்கும், மொட்டை மாடிச் சூரியத் தகடும் தூங்கும். அந்த நேரத்தில் சில்லரை ஓட்டுவது நிலக்கரி. பச்சை மின்சாரம் வாங்கிவிட்டோம் என்று சொல்லிச் சில்லரின் திறனைக் குறைத்த வேலை ஒன்றையும் கண்டிருக்கிறேன். வாங்குவது வாங்கட்டும், முதலில் தேவையைக் குறைத்துவிட்டு வாங்கட்டும்.

மேஸ்திரி மகன்:

முப்பந்தல் ஐயா, முத்துப்பந்தல் கல்யாண மண்டபம்.

ஈரக்காற்று:

விரல் வழுக்கிவிட்டது. முப்பந்தலேதான்.

தூக்குக்குண்டு:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் உரிமையாளரோடு ஒரு கூட்டம் நடந்தது. செங்கல் சூளை அவர்கள் சொன்ன நிலத்தடித் தளக் கணக்கைத் தனியாகப் பிரித்து, இரண்டாவது தளத்தின் கான்கிரீட், கம்பி, டயாபிரம் சுவரின் கூடுதல் ஆழம், நீர் இறைக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் ரூபாயையும் எழுதி வைத்தேன். கார்பன் வரிசையை அவர் பார்க்கவே இல்லை. ரூபாய் வரிசையைப் பார்த்துவிட்டு, இரண்டாவது தளத்தை விதி கேட்கும் அளவுக்குப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று கட்டடக் கலைஞரைக் கேட்டிருக்கிறார். வரைபடம் மூன்று வாரம் தள்ளிப்போகிறது. கண்ணாடியை அவர் விடவில்லை. தூண் இடைவெளியும் அப்படியே.

அடுத்த வேலையில் மனை வாங்கிய மாதமே இந்த ஒரு தாளைக் கொடுத்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு, ராஃப்டுக்கும் நிலத்தடிச் சுவருக்கும் 50 சதவீத ஸ்லாக், 56 நாள் வலிமை என்று டெண்டரில் எழுதியாயிற்று; மாடித் தளங்களுக்குச் சாம்பல் 25 சதவீதம். "ஓபிசி 53 கிரேடு மட்டும்" என்ற வரியை அடித்துவிட்டு, ஐஎஸ் 18189-ஐயும் ஏற்கத்தக்க வகைகளில் சேர்த்திருக்கிறேன். மேஸ்திரி மகனிடம் ஒரு கேள்வி: 56 நாளுக்குப் போகும்போது தளத்தில் வேறு என்ன ஏற்பாடு வேண்டும்?

மேஸ்திரி மகன்:

கியூப்களை நீரில் ஊறவைக்கும் தொட்டி பெரிதாக வேண்டும், ஐயா. 28 நாளில் காலியாகும் தொட்டியை 56 நாளுக்கு வைத்தால் இரண்டு மடங்கு கியூப் தேங்கும். இடம் போதாமல் பையன்கள் வெளியே வெயிலில் அடுக்கிவிடுவார்கள், பிறகு கலவை மேல் பழி வரும். ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று கியூப் கூடுதலாக எடுத்து 28-ஆம் நாளில் வெறும் தகவலுக்காக மட்டும் உடைக்கச் சொல்லுங்கள். எத்தனை வந்தால் கவலைப்பட வேண்டும் என்ற எண்ணையும் இப்போதே எழுதி, ஆலோசகரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.